‘ரெண்டு வழி இருக்கு, நீங்களே சொல்லுங்க’ என்கிறார் டொக்டர்: அம்மாவின் மார்பகப் புற்றுநோய்க்கு எதைத் தேர்வது?

கேள்வி

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் வாசகி எழுதிய நீண்ட கடிதம் இது. பெயர், தோட்டம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அம்மாவுக்கு 57 வயது. அப்பா இல்லை. இன்றைக்கும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறவர். இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, குடும்ப நல மாது சொல்லி கிளினிக்குக்குப் போய், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஊசியால் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. கட்டி 1.8 சென்டிமீட்டர், அக்குளில் நெறி (நிணநீர்க் கணு) எதுவும் வீங்கியதாக ஸ்கேனில் தெரியவில்லை. சத்திரசிகிச்சை டொக்டர் சிங்களத்தில் சொன்னாராம்: “மார்பை முழுசாக எடுக்கலாம், இல்லாவிட்டால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்கலாம், இரண்டுமே சரிதான், அடுத்த கிளினிக்கில் வந்து சொல்லுங்கள்.” ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை, அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கொழும்பில் வேலை செய்யும் அண்ணன், இணையத்தில் ஒரு கணக்குக் கருவியில் அம்மாவின் விவரங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, “கீமோவால் நூறு பேரில் ஒருவருக்கோ இரண்டு பேருக்கோதான் லாபம். முழுசாக எடுத்துப் போடு, கீமோவும் வேண்டாம், கரண்டும் (கதிர்வீச்சும்) வேண்டாம்” என்கிறார். பெரியம்மாவோ கத்தியே படக்கூடாது என்கிறார், பட்டால் பரவிவிடுமாம், லயத்தில் ஓர் அக்கா ஒப்பரேஷனுக்குப் பிறகுதான் இறந்துபோனாராம். அம்மாவிடம் “கட்டிதான், சின்ன ஒப்பரேஷன்” என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் கிளினிக் முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கேட்டாராம்: “அங்க முடியில்லாத பொம்பளைங்களா ஒக்காந்திருந்தாங்களே, ஏன்?” மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

இவர் கேட்பது மூன்று. எது நல்லது? அண்ணனின் கணக்கை நம்பலாமா? அம்மாவுக்குச் சொல்லாமல் நாங்களே முடிவெடுத்துக் கையெழுத்துப் போடலாமா?

பதில்

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் “டொக்டருக்கே எது சரி என்று தெரியவில்லை போல, எங்கள் தலையில் போட்டுவிட்டார்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் என் கிளினிக்கிலும் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவருக்குத் தெரியாமல் இல்லை. குடல்வால் வீங்கி வெடிக்கப் போகிறவரிடம் எந்த டொக்டரும் “உங்கள் விருப்பம் என்ன” என்று கேட்க மாட்டார், தூக்கிக்கொண்டு தியேட்டருக்குப் போவார். உங்கள் அம்மாவின் நிலை அப்படியல்ல. உயிர் பிழைப்பதைப் பொறுத்தவரை இரண்டு வழியும் சமம், மற்ற விஷயங்களில்தான் வேறுபாடு, அந்த மற்ற விஷயங்களில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். அதனால்தான் கேட்டிருக்கிறார். கேட்டவர் இன்னும் பத்து நிமிடம் ஒதுக்கி, அம்மாவுக்குப் புரிகிற மொழியில் கேட்டிருக்கலாம், அது உண்மை. ஒரு கிளினிக் நாளில் எத்தனை கொப்பிகள் மேசையில் அடுக்கியிருக்கும் என்று தெரிந்தவன் என்பதால் அவரைத் திட்டவும் எனக்கு மனமில்லை.

முழுசாக எடுத்தால் திரும்ப வராதா?

இதை எண்களோடு பார்ப்போம். 1973 முதல் 1980 வரை இத்தாலியின் மிலான் நகரில் 701 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் கட்டி இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாதது, அதாவது உங்கள் அம்மாவைப் போன்றவர்கள். குலுக்கல் மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மார்பு முழுவதையும் எடுத்தார்கள், மறு பாதிக்குக் கட்டியிருந்த பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இருபது வருடம் பின்தொடர்ந்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள், முழுசாக எடுத்தவர்களில் நூற்றுக்கு 24 பேர், பகுதியை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 26 பேர். அந்த இரண்டு பேர் வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதுதான், வித்தியாசம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதே வருடம் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரின் குழு 1,851 பெண்களின் இருபது வருடக் கணக்கை வெளியிட்டது, அதிலும் இதே கதைதான்.

வித்தியாசம் எங்கே என்றால், அதே மார்பில் அல்லது அதே இடத்தில் நோய் திரும்ப வருவதில். மிலான் ஆய்வில் முழுசாக எடுத்தவர்களில் நூற்றுக்கு 2 பேருக்குத் திரும்ப வந்தது, பகுதியை எடுத்தவர்களில் 9 பேருக்கு. (இது அந்தக் காலத்து எண், இப்போதைய மருந்துகளோடு இதைவிடக் குறைவாகத்தான் வருகிறது.) ஆக, முழுசாக எடுத்தாலும் பூச்சியம் இல்லை. அப்படி அதே இடத்தில் வந்தால் மறுபடி ஒப்பரேஷன் செய்ய வேண்டிவரும், அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மார்பில் இருக்கும் கட்டி அல்ல, அங்கிருந்து கிளம்பி எலும்புக்கோ ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போய் உட்கார்ந்துவிட்ட உயிரணுக்கள். அவை போயிருந்தால் போனதுதான், மார்பை எவ்வளவு பெரிதாக வெட்டினாலும் அவை அழியாது. அதற்குத்தான் கீமோ, ஹோர்மோன் மாத்திரை எல்லாம்.

இதனால் அண்ணனின் பேரம் உடைந்து போகிறது. “முழுசாக எடுத்தால் கீமோ வேண்டாம்” என்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு விஷயம். கீமோ வேண்டுமா என்பதை ஒப்பரேஷனின் அளவு தீர்மானிப்பதில்லை, கட்டியின் குணமும் அக்குள் நெறியின் நிலையும் தீர்மானிக்கின்றன. கரண்ட் என்று நம் ஆட்கள் சொல்லும் கதிர்வீச்சும் அப்படித்தான். முழுசாக எடுத்த பிறகும் நெறிகளில் நோய் இருந்தால் சிலருக்குக் கொடுக்க வேண்டிவரும்.

கட்டியை மட்டும் எடுப்பதானால் கதிர்வீச்சு அதன் சரிபாதி, விட முடியாது. ஃபிஷரின் ஆய்வில் கட்டியை எடுத்துக் கதிர்வீச்சும் பெற்றவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது, கதிர்வீச்சு பெறாதவர்களில் 39 பேருக்கு. எனவே “கட்டியை எடுத்துவிடுவோம், கதிர்வீச்சுக்குக் கண்டிக்குப் போறதைப் பிறகு பார்ப்போம்” என்று மட்டும் யோசிக்கவே யோசிக்காதீர்கள். போக முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால் முழுசாக எடுப்பதுதான் அம்மாவுக்குச் சரியான வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நகரத்து ஆட்கள் மார்பைக் காப்பாற்றுவதுதான் முற்போக்கு என்பது போலப் பேசுவார்கள், அவர்கள் கினிகத்தேனையில் மண்சரிவு என்று பஸ் நின்ற நாளில் நம் ரோட்டில் வந்து பார்த்ததில்லை.

பெரியம்மாவுக்கு ஒரு வரி: கத்தி பட்டால் பரவாது. உங்கள் லயத்தில் ஒப்பரேஷனுக்குப் பிறகு இறந்துபோன அந்த அக்கா, அநேகமாக மிகவும் பிந்தி வந்திருப்பார், ஒப்பரேஷனுக்கு முன்பே நோய் வேறு இடத்துக்குப் போயிருக்கும். ஒப்பரேஷன் கண்ணில் பட்டது, நோய் பரவியது கண்ணில் படவில்லை.

அண்ணன் போட்டுப் பார்த்த கணக்கு

அண்ணன் பயன்படுத்தியது நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் ‘பிரெடிக்ட்’ என்ற கருவி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவானது, இலவசம், உலகமெங்கும் டொக்டர்மார் பார்ப்பது, நானும் பார்க்கிறேன். வயது, கட்டியின் அளவு, அதன் தரம் (உயிரணுக்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது), நோய் ஏறிய நெறிகள் எத்தனை, கட்டியில் ஹோர்மோன் ஏற்பி உண்டா இல்லையா, ஹெர்-2 என்ற புரதம் கூடுதலா இல்லையா என்று கொடுத்தால், ஒப்பரேஷனோடு மட்டும் விட்டால் நூறு பேரில் எத்தனை பேர் 5, 10, 15 வருடம் கழித்து உயிரோடு இருப்பார்கள், மாத்திரை சேர்த்தால் எத்தனை பேர் கூடுவார்கள், கீமோ சேர்த்தால் இன்னும் எத்தனை பேர் என்று படமாகவே காட்டும். நல்ல கருவி. கெட்டது கருவி இல்லை, அதைத் திறந்த நேரம்.

அது ஒப்பரேஷன் முடிந்தவர்களுக்காகச் செய்த கருவி. அம்மாவின் நெறிகளை இன்னும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை, அண்ணன் அந்தப் பெட்டியில் ‘0’ என்று போட்டிருக்கிறார். ஸ்கேனில் தெரியவில்லை என்பதும் நோய் இல்லை என்பதும் ஒன்றல்ல, சின்னதாக இருந்தால் ஸ்கேனுக்குத் தப்பிவிடும். அந்த ‘0’ நாளைக்கு ‘2’ ஆகிவிட்டால் கீழே வரும் எண்கள் எல்லாம் மாறும். ஊசியில் எடுத்த துண்டில் சொன்ன தரமும் முழுக் கட்டியைப் பார்த்த பிறகு சிலவேளை மாறுவதுண்டு. அதோடு, மார்பை முழுசாக எடுப்பதா பகுதியை எடுப்பதா என்ற கேள்விக்கு அந்தக் கருவியிடம் பதிலே கிடையாது. இன்றைக்கு உங்கள் முன்னால் இருப்பதோ அந்தக் கேள்விதான்.

இன்னொன்று. அது இங்கிலாந்துப் பெண்களின் பதிவுகளை வைத்துக் கட்டியது, நோயை அங்கே எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறார்கள், மருந்தை எவ்வளவு ஒழுங்காக முடிக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த எண்களுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆகவே திசை காட்டும், அவ்வளவுதான். நூறில் இரண்டு பேருக்கு லாபம் என்றால், அந்த இரண்டு பேரில் அம்மா ஒருவரா, மற்ற 98 பேரில் ஒருவரா என்று உலகத்தில் எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. சிலர் “ரெண்டு பேருக்காக இந்த வாந்தியும் முடி கொட்டுறதுமா” என்பார்கள். சிலர் “ஒரு பேருக்குன்னாலும் குடுங்க டொக்டர், பேரப்பிள்ளையப் பார்க்கணும்” என்பார்கள். இரண்டு பேரும் சரி. ஆனால் அதை அண்ணன் சொல்லக் கூடாது, அம்மா சொல்ல வேண்டும், அதுவும் ஒப்பரேஷனுக்குப் பிறகு வரும் சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அதுவரை கீமோக் கதவை யாரும் சாத்த வேண்டாம். அண்ணன் மேல் கோபப்படவும் வேண்டாம், தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கையில் இருப்பது போன் மட்டும்தானே.

அம்மாவுக்குச் சொல்லாமல் செய்யலாமா?

செய்ய முடியாது. சுயநினைவோடும் புத்தித் தெளிவோடும் இருக்கிற பெரியவர் ஒருவருக்கு ஒப்பரேஷன் செய்ய அவருடைய சம்மதம்தான் வேண்டும். மகள் டீச்சர், மகன் கொழும்பில் என்பதற்காக அந்த உரிமை பிள்ளைகளுக்கு மாறாது. வாட்டில் “யாராவது சொந்தக்காரர் கையெழுத்துப் போடுங்கள்” என்று அவசரத்தில் சொல்வதுண்டு, அதைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் தாங்கள் போட்டால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சட்டம் கிடக்கட்டும். மயக்கம் தெளிந்து எழும்பும்போது அம்மாவின் நெஞ்சில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அப்போது என்ன சொல்வீர்கள்? பஸ்ஸில் அவர் கேட்ட கேள்வி, தெரியாமல் கேட்ட கேள்வியில்லை தங்கச்சி. அவருக்குப் பாதி தெரியும். நீங்கள் அழுவீர்களோ என்று அவர் மறைக்கிறார், அவர் உடைந்துவிடுவாரோ என்று நீங்கள் மறைக்கிறீர்கள், ஒரே காம்பராவுக்குள் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருக்கிறீர்கள்.

அதற்காக இன்றைக்கே உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம். முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: “அம்மா, டொக்டர் சொன்னது எல்லாத்தையும் ஒங்களுக்கு வெளக்கமா சொல்லட்டுமா, இல்ல முக்கியமானத மட்டும் சொல்லட்டுமா?” அவர் “எல்லாத்தையும் சொல்லு” என்றால் புற்றுநோய் என்ற சொல்லை மறைக்காமல் சொல்லுங்கள், கூடவே சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள், அது பொய்யில்லை. “எனக்கு ஒண்ணும் வேணாம், நீயே பார்த்துக்க” என்றால் அதுவும் ஒரு முடிவுதான், தன் உரிமையை விரும்பி உங்களிடம் தருகிறார். கேட்காமலே எடுத்துக்கொள்வது வேறு, அவராகத் தருவது வேறு.

மொழி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிங்களத்தில் டொக்டர் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் மாற்றிச் சொன்னவர் நீங்கள்தான், மாற்றும்போதே நோயின் பெயரும், இரண்டு வழி இருக்கிறது என்ற விஷயமும் விழுந்துவிட்டன. இது உங்கள் குற்றமில்லை. பெற்ற தாய்க்கு மொழிபெயர்க்கிற எந்தப் பிள்ளையும் கடுமையான வார்த்தையில் நின்றுவிடும். அதனால் அடுத்த முறை தமிழ் தெரிந்த மிஸ் (தாதி) ஒருவரையோ டொக்டர் ஒருவரையோ கூட வைத்துக் கதைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். 1987-ல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, அரசாங்க ஆஸ்பத்திரியில் தமிழில் விளக்கம் கேட்பது சலுகை கேட்பதாகாது. சம்மதப் படிவத்தையும் தமிழில் கேளுங்கள். அவர்களிடம் உடனே ஆள் இல்லாமல் போகலாம், அப்போது சண்டை போடாமல், நேரம் கொடுத்து, வேறொரு நாளுக்கு ஒழுங்கு செய்யச் சொல்லுங்கள்.

யாரும் கேட்காத கை

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லவே இல்லை. அம்மா கொழுந்து எடுக்கிறவர். அவருக்கு இரண்டு கையும்தான் வேலை. மார்பைப் பற்றி மட்டும் குடும்பமே கதைத்துக்கொண்டிருக்கிறது, அக்குளைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. அக்குள் நெறிகளை மொத்தமாக எடுத்தால், பிற்காலத்தில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்குக் கை வீங்கிக் கனத்துப்போகிறது. முதல் சில நெறிகளை மட்டும் சாயம் ஏற்றி அடையாளம் கண்டு எடுத்துப் பார்க்கும் முறையில் அது இருபது பேரில் ஒருவர் அளவுக்குத்தான். அம்மாவுக்கு அந்த முறை பொருந்துமா, அந்த ஆஸ்பத்திரியில் செய்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். “இவர் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர், திரும்ப வேலைக்குப் போக நினைக்கிறார்” என்று நீங்களே வாயைத் திறந்து சொன்னால்தான் டொக்டருக்குத் தெரியும், கிளினிக் கொப்பியில் அதற்கு ஓர் இடம் இருந்தாலும் அதை யாரும் படிப்பதில்லை.

எந்த ஒப்பரேஷனானாலும் பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டே இருக்கக் கூடாது, சொல்லித் தரும் பயிற்சியைச் செய்து படிப்படியாகப் பழக்க வேண்டும். மலைக்குத் திரும்பினால் அந்தப் பக்கக் கையில் செடி கீறாமல் நீளக் கைச் சட்டை, கீறினால் உடனே கழுவி மருந்து, சிவந்து சூடானால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நிறைந்த கொழுந்துப் பையைத் தூக்குவது டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

“இந்த வயசுல எதுக்கு மார்பு” என்று அண்ணன் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மகன் வாயில் வரக்கூடாத வார்த்தை, ஆனால் நிறையப் பேர் சொல்கிறார்கள். 57 வயதில், புருஷன் இல்லாத ஒரு பெண்ணுக்கு அது தேவையா இல்லையா என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கு வந்த நோயாளிகளில், எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறேன் என்று சிரித்தவர்களும் உண்டு, குளிக்கும்போது பீலிக்கரைக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது என்று அழுதவர்களும் உண்டு. வயதை வைத்து என்னால் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை.

சதுரக் கொப்பியில் ஒரு பக்கம்

இப்படிப்பட்ட முடிவுகளுக்கென்றே வெளிநாடுகளில் முடிவுக்கு உதவும் கையேடுகள், படங்கள், வீடியோக்கள் செய்து வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பற்றி 209 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பிடமிருந்து 2024-ல் வந்தது. அவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கு விஷயம் கூடுதலாகப் புரிந்தது, ஆபத்தை அதன் சரியான அளவில் பார்த்தார்கள், இதா அதா என்ற தத்தளிப்பு குறைந்தது. டொக்டரின் நேரமும் பெரிதாகக் கூடவில்லை, ஒன்றிரண்டு நிமிடம்தான், வீட்டிலேயே பார்த்துவிட்டு வந்தால் அதுவும் இல்லை. அம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர், புரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோ குறைத்தால் கண்டுபிடிக்கிறவருக்கு நூற்றுக்கு ஒன்பதும் நூற்றுக்கு இரண்டும் புரியாதா?

நீங்கள் டீச்சர், பிள்ளைகளின் கணக்குச் சதுரக் கொப்பி உங்களிடம் இருக்கும். ஒரு பக்கத்தில் பத்துக்குப் பத்தாக நூறு சதுரம், பக்கத்தில் இன்னொரு நூறு. ஒன்றின் மேல் ‘முழுசா’, மற்றதன் மேல் ‘கட்டி மட்டும் + கண்டி’. ஒவ்வொரு சதுரமும் அம்மாவைப் போல ஒரு பெண். முதலாவதில் 2 சதுரத்துக்கும் இரண்டாவதில் 9 சதுரத்துக்கும் சிவப்பு அடியுங்கள், அதே இடத்தில் திரும்ப வந்தவர்கள். பழைய எண், இன்றைக்கு இன்னும் குறைவு என்றும் சொல்லுங்கள். உயிர் விஷயத்தில் இரண்டும் சமம் என்று கீழே எழுதுங்கள். மறு பக்கத்தில் எத்தனை நாள் ஆஸ்பத்திரி, எத்தனை தடவை கண்டிப் பயணம், எத்தனை நாள் பேர் விழாது (நாட்சம்பளம் கிடைக்காது), கை என்ன ஆகும், உடம்பு பார்க்க எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அம்மாவையே பூச்சியத்திலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போடச் சொல்லுங்கள். கனடாவின் ஒட்டாவாவில் செய்த முடிவு வழிகாட்டியும் கிட்டத்தட்ட இப்படித்தான். நட்சத்திரம் போடும்போது நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும், டீச்சர்மாருக்கு அதுதான் கஷ்டம்.

கடைசியில் நான்கு கேள்வி கேளுங்கள், இதுவும் கனடாவில் பயன்படுத்துவதுதான். உங்களுக்கு எது நல்லது என்று உறுதியாகப் படுகிறதா? ஒவ்வொரு வழியிலும் உள்ள நன்மையும் கெடுதியும் தெரியுமா? அவற்றில் எது உங்களுக்கு முக்கியம் என்று தெளிவாக இருக்கிறதா? முடிவெடுக்கப் போதுமான ஆதரவும் ஆலோசனையும் கிடைத்ததா? எதற்காவது “இல்லை” வந்தால் அதையே கொப்பியில் எழுதி டொக்டரிடம் கொண்டு போங்கள்.

அடுத்த கிளினிக்கில்

கேள்வி கேட்டால் டொக்டர் கோபிப்பார் என்று பயப்படுகிறீர்கள். முப்பது கேள்வி கேட்டால் யாரும் கோபிப்பார்கள். ஐந்து கேட்டால் பெரும்பாலும் நிமிர்ந்து பார்ப்பார்கள். கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதி, அம்மாவின் கையிலேயே கொடுங்கள்:

- அம்மாவின் கட்டிக்கு இரண்டு வழியும் உண்மையாகவே சமமா, அல்லது அவருக்கென்று ஏதாவது வேறுபாடு உண்டா?
- கதிர்வீச்சு 25 தடவையா, 15 தடவையா? (ஐந்து வாரம் கொடுத்துவந்ததைப் பலருக்கு மூன்று வாரத்தில் முடிக்கலாம் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. தோட்டத்திலிருந்து வருகிறவருக்கு இந்த ஒரு பதிலே முடிவை மாற்றும்.)
- அந்த நாட்களில் தூரத்தில் இருந்து வருகிறவர்கள் வாட்டில் தங்க முடியுமா?
- அக்குளில் என்ன செய்யப் போகிறீர்கள்?
- எங்களுக்கு இன்னின்னதுதான் முக்கியம், இதை வைத்துப் பார்த்தால் நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

கடைசிக் கேள்வியை விடாதீர்கள். சேர்ந்து முடிவெடுப்பது என்றால் டொக்டர் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அம்மாவுக்கு எது முக்கியம் என்று தெரிந்த பிறகு டொக்டர் சொல்லும் யோசனைக்குத்தான் பெறுமதி. அவர் சொன்னதும், “நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க” என்று அம்மாவே தன் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும், மிஸ் அதைச் சிங்களத்தில் சொல்லட்டும். பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

காலம் பற்றி. யோசிக்க ஒரு வாரம், இரண்டு வாரம் எடுத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, அந்தக் கட்டி நேற்று முளைத்ததில்லை. ஆனால் தீபாவளி முடியட்டும், பரீட்சை முடியட்டும், அண்ணன் லீவில் வரட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளாதீர்கள். ஒவ்வொரு நான்கு வாரத் தாமதத்துக்கும் ஆபத்து கூடுகிறது என்று 2020-ல் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று சொல்கிறது. கடன் வாங்கித் தனியாரிடம் போக வேண்டும் என்ற அவசியமும் இல்லை, ஒப்பரேஷன், கீமோ, கதிர்வீச்சு எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம், கதிர்வீச்சுக்குக் கண்டி தேசிய வைத்தியசாலையிலேயே பிரிவு இருக்கிறது, மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி வரை போக வேண்டியதில்லை. இன்னொரு டொக்டரின் அபிப்பிராயம் வேண்டுமென்றால் அதைக் கேட்பதும் உங்கள் உரிமை, ரிப்போர்ட்டுகளின் பிரதியை எடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் ஒப்பரேஷன் தேதியைக் கையில் வைத்துக்கொண்டே போங்கள். வேலைக்குப் போகாத நாட்களுக்கு வைத்தியச் சான்றிதழ் வாங்கித் தோட்டத்து ஒபிசில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா தேர்வது உங்களுக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம். நீங்கள் மனதுக்குள் கட்டியை மட்டும் எடுப்பதைத்தான் விரும்புகிறீர்கள் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அவர் சதுரங்களைப் பார்த்துவிட்டு, “பதினஞ்சு நாள் கண்டிக்கு அலைய என்னால ஏலாது, எடுத்துரச் சொல்லு” என்றால் அது தோட்டத்துப் பெண்ணின் அறியாமை இல்லை, கணக்குப் பார்த்துச் சொன்ன முடிவு. ஒப்பரேஷனுக்குப் பிறகு முழு ரிப்போர்ட் வந்ததும் கீமோ பற்றிய இரண்டாவது கேள்வி வரும், அன்றைக்கு அண்ணனின் கருவி உண்மையில் உதவும். அதை அவர் மட்டும் கொழும்பில் இருந்து பார்க்காமல், புற்றுநோய் டொக்டரின் மேசையில், சரியான நெறி எண்ணிக்கையோடு, அம்மாவும் திரையைப் பார்க்கிற மாதிரி திறக்கச் சொல்லுங்கள். அண்ணனை வீடியோ கோலில் எடுக்கலாம், ஆனால் டொக்டரிடம் முதலில் அனுமதி கேட்டுவிட்டு.